இரைப்பைக்குள் ஊசி, தொப்புள் பக்கத்தில் ஊசி: ஆம்பூர் தம்பிக்கு ஒரு பதில்

ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி தன் அக்காவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு 34 வயது, உயரம் 158 செ.மீ., எடை 92 கிலோ. ஷூ கம்பெனியில் காலையிலிருந்து மாலை வரை தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த வேலை. இரண்டாவது பிரசவத்தில் ஏறிய எடை இறங்கவே இல்லை. இரண்டு வருடமாகச் சுகர் மாத்திரை, அதற்கு முன்பிருந்தே தைராய்டு மாத்திரை. மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது. "வயிற்றில் ஒரு ஊசி போட்டால் செரிமானம் மெதுவாகி, பசி அடங்கி, ஆறு மாதத்தில் 20 கிலோ குறையும் என்று விளம்பரம் பார்த்தோம். வெளியூரில் ஓரிடத்தில் போடுகிறார்களாம். முன்பணம் கேட்கிறார்கள். போகலாமா?" என்பது கேள்வி.

நான் மருத்துவர் இல்லை. வேலூரில் 20 வருடத்துக்கு மேலாகச் சுகர் நோயாளிகளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பதும், என்ன சாப்பிடுவது என்று உட்கார்ந்து பேசுவதும் என் வேலை. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்ததும் நேராக என்னிடம்தான் வருவார்கள். அதனால் இந்த ஊசிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி, முன்பணம் கட்டாதீர்கள்.

வயிற்றில் ஊசி என்றதும் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசிதான் ஞாபகம் வரும். அந்தக் காலம் போய்விட்டது. இன்று எடைக்காக 'வயிற்று ஊசி' என்று சொல்வதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று, வாய் வழியாக எண்டோஸ்கோபிக் குழாயை விட்டு இரைப்பையின் சுவருக்குள்ளேயே போடுவது. இன்னொன்று, வயிற்றுத் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில், இன்சுலின் போலவே, வாரம் ஒரு முறை நாமே போட்டுக்கொள்வது. இரண்டாவதில் ஊசி முனை 4 மில்லிமீட்டர்தான் உள்ளே போகும், இரைப்பையைத் தொடவே தொடாது. நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் 'எண்டோஸ்கோபி மூலம், கத்தியில்லாமல்' என்று இருப்பதால் அது முதல் வகை. அதில் உள்ளே போகும் மருந்து போடாக்ஸ்.

ஆமாம், நடிகர்கள் முகச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்கிறார்களே, அதே போடாக்ஸ்தான். கெட்டுப்போன டின் உணவில் வளரும் ஒரு பாக்டீரியா சுரக்கும் நச்சு அது. நரம்பு தசைக்கு 'சுருங்கு' என்று சொல்ல அனுப்பும் ரசாயனச் செய்தியை அது வெளியே வரவிடாமல் தடுத்துவிடும். தசை தளர்ந்துபோகும். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் அந்தப் பலன் கரைந்துவிடும். புருவ மத்தியில் சுருக்கத்துக்கு வழக்கமாகப் போடுவது 20 யூனிட். இரைப்பைக்குள் போடுவதோ நூற்றுக்கணக்கில்.

இரைப்பையில் இதைப் போடுவதற்கு ஒரு யோசனை இருந்தது. இரைப்பையின் கீழ்ப்பகுதிதான் நம் உடம்பின் கிரைண்டர். சோற்றையும் கறியையும் அரைத்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்கான பிறகே குடலுக்குள் தள்ளும். அந்தத் தசையைத் தளர்த்திவிட்டால் அரவை மெதுவாகும், சாப்பாடு அதிக நேரம் உள்ளே தங்கும், வயிறு நிறைந்தே இருக்கும், மனிதர் குறைவாகச் சாப்பிடுவார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. எலிகளிடம் செய்து பார்த்தபோது நன்றாகவே எடை குறைந்தது. மனிதர்களிடம்தான் அது பொய்த்துப்போனது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பருமனான 60 பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்கு வெவ்வேறு அளவில் போடாக்ஸும் சிலருக்கு வெறும் உப்புநீரும் இரைப்பையில் ஊசியாகப் போட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. 2013-ல் முடிவு வெளியானது. போடாக்ஸ் போட்டவர்களுக்கு இரைப்பை மெதுவானது உண்மை. ஆனால் எடையில், உப்புநீர் போட்டவர்களுக்கும் அவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வேறு சில சிறிய ஆய்வுகளில் சில கிலோ குறைந்ததாக வந்ததும் உண்டு. ஆனால் ஒன்றும் உறுதிப்படவில்லை. எடை குறைப்புக்கென்று இரைப்பையில் போடாக்ஸ் போட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுவரை ஒப்புதல் தரவில்லை.

ஏன் குறையவில்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம், ஏனென்றால் 'செரிமானம் மெதுவானால் எடை குறையும்' என்ற நம்பிக்கை நம்மிடமும் ஆழமாக இருக்கிறது. மெதுவாகச் செரித்தாலும் சாப்பிட்டது முழுவதும் கடைசியில் உடம்பில்தான் சேரும். இரண்டு மணி நேரத்தில் போவது மூன்று மணி நேரத்தில் போகும், அவ்வளவுதான். அப்புறம், திரவத்துக்கு இந்தக் கிரைண்டரே தேவையில்லை. சர்க்கரை போட்ட டீ, ஜூஸ், பாயசம் எல்லாம் இரைப்பையின் மேல்பகுதி கொடுக்கும் அழுத்தத்திலேயே இறங்கிவிடும். ஷிப்டில் மூன்று வேளை இனிப்பு டீ குடிப்பவருக்குக் கீழ்ப்பகுதியைத் தளர்த்தி என்ன பயன்? பழைய சுகர் நோயாளிகள் சிலருக்கு நரம்பு கெட்டு இரைப்பை தானாகவே மந்தமாகிவிடும். வாந்தி, ஏப்பம், வயிற்று உப்புசம் என்று பெரும்பாடு படுவார்கள். அவர்களிலும் குண்டானவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். மந்தமான இரைப்பை ஒரு நோய். காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டிய பொருளே இல்லை.

ஆபத்தும் சின்னதில்லை. 2023 பிப்ரவரி, மார்ச்சில் துருக்கியில் எடை குறைய இரைப்பையில் போடாக்ஸ் போட்டுக்கொண்டவர்கள் 60 பேருக்கு மேல் போட்டுலிசம் என்ற நச்சுப் பாதிப்பில் விழுந்தார்கள். அங்கே போய்ப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பிய ஐரோப்பியர்களில் பெரும்பாலோர் ஜெர்மனிக்காரர்கள். கண் இமை தொங்கிப்போவது, இரண்டிரண்டாகத் தெரிவது, எச்சில்கூட விழுங்க முடியாமல் போவது, சிலருக்கு மூச்சுத் திணறல் என்று மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். சிலர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்கள், முறிவு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அவர்களும் எடை குறையும் என்று நம்பிப் போனவர்கள்தான். அதனால்தான் முன்பணம் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன்.

சரி, இரண்டாவது ஊசிக்கு வருவோம். அக்காவுக்கு உதவ வாய்ப்புள்ளது இதுதான்.

சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்று ஒரு ஹார்மோனைச் சுரக்கும். கணையத்திடம் இன்சுலின் விடச் சொல்லும், இரைப்பையை நிதானப்படுத்தும், மூளையிடம் 'போதும்' என்று சொல்லும். ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் பாதி அழிந்துவிடும். அழியாத மாற்று ஒன்று அமெரிக்கப் பாலைவனத்து விஷப் பல்லி ஒன்றின் எச்சிலில் கிடைத்தது. அதிலிருந்து வந்த எக்ஸனடைடு 2005-ல் சுகர் மருந்தாக வெளியானது. அதற்குப் பிறகு, மனித ஹார்மோனையே சீக்கிரம் அழியாதபடி சிறிது மாற்றிச் செய்தவைதான் லிராகுளூடைடு, செமாகுளூடைடு. ஓசெம்பிக், வெகோவி என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அவை செமாகுளூடைடு. இது உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால் வாரம் ஒரு ஊசி போதும். மவுஞ்சாரோ என்பது டிர்செபடைடு. அது இரண்டு குடல் ஹார்மோன்களின் வேலையைச் சேர்த்துச் செய்கிறது. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. வெகோவி அதே வருடம் ஜூனில்.

இவையும் இரைப்பையை மெதுவாக்குகின்றன என்பது உண்மை. அதனால்தான் எல்லோரும் 'செரிமானத்தை மெதுவாக்கும் ஊசி' என்கிறார்கள். ஆனால் அந்த மந்தம் ஆரம்ப வாரங்களில்தான் அதிகம். உடம்பு பழகப் பழக அது பெருமளவு குறைந்துவிடுகிறது. எடையோ அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் இறங்கிக்கொண்டே போகிறது. அப்படியானால் உண்மையான வேலை நடக்கும் இடம் மூளை. பசியையும் நிறைவையும் தீர்மானிக்கும் பகுதிகளில் இந்த மருந்து வேலை செய்கிறது. என்னிடம் வந்த ஒரு அம்மா சொன்னார், "பிரியாணி வாசனை வருது, நல்லாவும் இருக்கு, ஆனா ரெண்டாவது தட்டு வேணும்னு மனசு கூப்பிடல." அவர் 30 வருடமாக அந்தக் கூப்பாட்டோடு போராடியவர். இதைச் சொல்லும்போது அழுதுவிட்டார்.

அவர் அழுததை ஏன் சொல்கிறேன் என்றால், அக்காவை வீட்டில் யாராவது 'வாயைக் கட்டினால் தானாகக் குறையும்' என்று சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள் தம்பி. எடை குறையத் தொடங்கியதுமே உடம்பு பசியைக் கூட்டும், தான் எரிக்கும் சக்தியைக் குறைக்கும். போன எடையைத் திரும்பப் பிடிக்கவே பார்க்கும். மன உறுதி இல்லாததால் தோற்றவர் இல்லை உங்கள் அக்கா. இரண்டு குழந்தைகளையும் ஷிப்டையும் சமாளிப்பவருக்கா மன உறுதி இல்லை?

எவ்வளவு குறையும்? விளம்பரக்காரர்கள் சொல்லும் எண்களில் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுகர் இல்லாத 1,961 பேரிடம் செமாகுளூடைடைச் சோதித்தபோது 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது, மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். ஆனால் சுகர் உள்ளவர்களிடம் அதே மருந்து, அதே அளவு, அதே 68 வாரம், குறைந்தது 9.6 சதவீதம்தான். டிர்செபடைடு அதிகபட்ச அளவில் சுகர் உள்ளவர்களுக்கு 72 வாரத்தில் 14.7 சதவீதம். அக்காவின் 92 கிலோவில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 9 கிலோவிலிருந்து 13 கிலோ, அதுவும் ஒன்றரை வருடத்தில். ஆறு மாதத்தில் 20 என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 9 கிலோ என்பது ஏமாற்றமாகத் தோன்றலாம். முட்டியிடம் கேட்டுப் பாருங்கள், சுகர் ரிப்போர்ட்டைப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

அக்காவின் உடல் எடைக் குறியீடு, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கு, கிட்டத்தட்ட 37. இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே பருமன் என்று கணக்கு. இந்த ஊசிகளை 30-க்கு மேல் இருந்தால், அல்லது 27-க்கு மேல் இருந்து சுகர், பிரஷர் போன்றவை இருந்தால் கொடுக்கிறார்கள். அதனால் கேட்கும் தகுதி அவருக்கு உண்டு. இனி டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை.

தைராய்டு. இதில்தான் வேலூர், குடியாத்தம் பக்கம் பெரிய குழப்பம். 'தைராய்டு இருந்தால் இந்த ஊசி கூடாது' என்று பாதி கேட்டுவிட்டுப் பயப்படுகிறார்கள். கூடாது என்பது மெடுல்லரி என்ற ஒரு அரிய வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கு. அக்கா காலையில் வெறும் வயிற்றில் போடுவது சுரப்பு குறைவுக்கான மாத்திரை. அது தடையில்லை. எடை குறையும்போது அந்த மாத்திரையின் அளவை மாற்ற வேண்டி வரலாம், ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது சுகர் மாத்திரை. வெறும் மெட்ஃபார்மின் என்றால் கவலையில்லை. கூடவே கிளிமிபிரைடு இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இருந்தால், ஊசி தொடங்கும்போதே அதைக் குறைக்கவோ நிறுத்தவோ டாக்டர் சொல்வார். அப்படிச் செய்யாமல் இரண்டையும் சேர்த்து ஓட்டினால் சுகர் திடீரென்று இறங்கி, மெஷின் முன்னாலேயே கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். கண் விழித்திரையையும் தொடங்கும் முன் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. சுகர் வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே விழித்திரைக் கோளாறு உள்ளவர்களுக்கு அது கூடலாம்.

பித்தப்பைக் கல், கணைய வீக்கம் முன்பு வந்திருந்தால் சொல்ல வேண்டும். இன்னொரு குழந்தைக்கு யோசனை இருந்தால் செமாகுளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். எடை குறைந்தால் கரு தங்குவது எளிதாகும், எதிர்பாராமல் தங்கிவிட்டவர்களும் உண்டு. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர் டிர்செபடைடு தொடங்கினால் அந்த மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. தம்பியிடம் அக்கா இதைப் பேசக் கூச்சப்படுவார். இந்தப் பத்தியை அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். அரக்கோணம் பக்கத்துப் பெண்மணி ஒருவர், அக்காவின் வயதுதான் இருக்கும். தோழி போட்டுக் குறைந்ததைப் பார்த்து, டாக்டர் சீட்டு இல்லாமலே ஒரு மெடிக்கலில் பேனா ஊசி வாங்கிவிட்டார். தோழி பல மாதம் படிப்படியாக ஏற்றிக்கொண்டு வந்த அளவை இவர் முதல் நாளே போட்டுக்கொண்டார். செமாகுளூடைடு 0.25 மி.கிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒரு படியாகத்தான் ஏறும். முழு அளவான 2.4 மி.கிராமைத் தொட நான்கு மாதம் ஆகும். அந்தப் படிகள் குடல் பழகுவதற்காக. அது அக்கினி நட்சத்திர நேரம் வேறு. நம் ஊர் மே மாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு நாள் வாந்தி, தண்ணீர்கூட தங்கவில்லை. சிறுநீர் குறைந்து, சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறி, ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. அவர் பிழைத்துத் தேறி வீட்டுக்குப் போனார், ஆனால் அந்த நான்கு நாளில் ஒருவராவது 'இது ஊசியால்' என்று அவருக்குச் சொல்லவில்லை. அது என்னை இன்னும் உறுத்துகிறது. அக்கா தொடங்கினால், ஒரு நாள் முழுக்க வாந்தி நிற்காவிட்டாலோ, மேல்வயிற்றில் விடாமல் வலித்து முதுகுக்குப் பாய்ந்தாலோ அடுத்த ஊசியைப் போடாமல் உடனே போய்க் காட்ட வேண்டும். வேறு எதற்காவது ஆபரேஷன், எண்டோஸ்கோபி என்று வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெறும் வயிறு என்று நினைத்துப் படுக்க வைக்கும்போது உள்ளே சாப்பாடு தங்கியிருந்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு.

சாப்பாட்டில் நான் சொல்லிக்கொடுப்பது எளிது. ஆரம்ப வாரங்களில் எண்ணெயும் மொத்த அளவும்தான் குமட்டலைக் கிளப்பும். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணியை விடச் சொல்லவில்லை. சின்னக் கிண்ணம், எண்ணெய்க் கத்தரிக்காய் ஒரு ஸ்பூன், கறித்துண்டை முதலில் சாப்பிடுவது, பாதியில் நிறைவு தெரிந்தால் அங்கேயே நிறுத்துவது, இவ்வளவுதான். கறியை ஏன் முதலில் என்றால், குறையும் எடையில் கொழுப்போடு தசையும் போகும். புரதம் போதாவிட்டால் தசை கூடுதலாகப் போய், முட்டி வலிக்கு எதிராக நிற்க வேண்டிய தொடைத்தசையே மெலிந்துவிடும். முட்டை, பயறு, சுண்டல், மீன் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். கேவுரு களி நல்லதுதான், ஆனால் பெரிய உருண்டை வயிற்றில் கல்லாக உட்காரும். கொய்யாப்பழ அளவு உருண்டையும் நிறையக் கீரையும் வைத்துக்கொண்டால் மலச்சிக்கலும் கட்டுப்படும். உட்கார்ந்து எழும் பயிற்சி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஷிப்ட் இடைவேளையில் பத்து முறை.

ஊசியைத் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, ஒவ்வொரு வாரமும் இடம் மாற்றிப் போட வேண்டும். தொடையிலும் போடலாம். பேனாவை ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் உறைந்தால் அது வீண்.

பணம். டிர்செபடைடு 2025-ல் இங்கே வந்தபோது ஒரு வார ஊசி ஆரம்ப அளவுக்கு 3,500 ரூபாய், அடுத்த அளவுக்கு 4,375 ரூபாய். மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவைத் தாண்டும். செமாகுளூடைடின் முக்கியக் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான் என்பதால் உள்ளூர் நிறுவனங்களின் மருந்துக்கு வழி உண்டு, விலையை டாக்டரிடமே கேளுங்கள். ஆனால் விலையைவிடப் பெரிய கேள்வி, எத்தனை காலம் என்பது. ஒன்றேகால் வருடம் போட்டு நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு வருடத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. பிரஷர் மாத்திரை மாதிரிதான், நிறுத்தினால் பலனும் நிற்கும். ஆகவே கடன் வாங்கி மூன்று மாதம் போட்டுவிட்டு நிறுத்தும் யோசனை வேண்டாம். குறைந்தது இரண்டு வருடம் தாங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தாங்காது என்றால் அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அக்காவின் எடைக்கும் சுகருக்கும் இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சையும் பொருந்தும். பெரிய ஆபரேஷன்தான், ஆனால் பலன் பல வருடம் நிற்கும்.

ஆம்பூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரம். வேலூரில் சுகருக்கென்றே தனிப் பிரிவு இருக்கும் மருத்துவமனைகள் உண்டு, வெளியூர் போக வேண்டியதில்லை. எல்லா மாத்திரை அட்டைகளையும், மூன்று மாதச் சராசரி சுகர் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அக்காவோடு நீங்களும் போங்கள். அவர் ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்குக் காவடி எடுப்பவர், அன்று பச்சைத் தண்ணீர்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். விரத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது என்று அவர் சொல்வார். முதல் ஊசியைக் கிருத்திகை முடிந்த வாரத்தில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள்.